சர்வே கல்லுக்குக் கூழ் ஊற்றிய விவரம்

சாலைநத்தம்,
எளாவூர் வழி,
பொன்னேரி தாலூகா.
ஆடி கடைசி வெள்ளிக்கிழமை, 1973

திருவள்ளூர் கோர்ட்டில் குமாஸ்தா உத்தியோகத்தை அலங்கரித்துவரும் மதிப்பிற்குரிய சம்பந்தி ஆதிநாராயணன் அவர்களின் சமூகத்துக்கு, ரயில்வே பார்சல் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவனும் தற்சமயம் சாலைநத்தம் சத்திரம் ஏரி பாதுகாப்புச் சங்கத்தின் செயலாளருமான அருணாச்சலம் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நான், என் சம்சாரம் கனகாம்பாள், தங்கள் மருமகளாக வரப்போகும் செண்பகம், பசுமாடு, சத்திரம் ஆகிய எல்லோரும் சௌக்கியம். அவ்விடம் தாங்கள், சம்பந்தியம்மாள், மாப்பிள்ளை கோபால் ஆகியோரின் சௌக்கியத்துக்கு ஒரு வரி போடவும். சௌக்கியமாக இருப்பவர்கள் வரிசையில் இவன் சத்திரத்தை எதற்குச் சேர்த்தான் என்று தாங்கள் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் படிப்பது எனக்கு இங்கிருந்தே தெரிகிறது. நன்றாகப் படியுங்கள். சத்திரம் சௌக்கியம். அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

ஆனி மாதம் நிச்சயதாம்பூலத்தன்று தாங்கள் சொன்னதை நான் மறக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் என் பாட்டனார் தாலி கட்டியதும் அந்தச் சத்திரத்தில்தான், என் தகப்பனார் கட்டியதும் அங்கேதான், நான் கட்டியதும் அங்கேதான், ஆகையால் செண்பகம் கல்யாணத்தையும் அங்கேயே வைத்துக்கொள்ளலாம் என்று நான் கையைக் கட்டிக்கொண்டு விண்ணப்பம் செய்தபோது, தாங்கள் வெற்றிலையை ஒரு கன்னத்துக்கு ஒதுக்கிவிட்டு, "அந்தச் சத்திரத்தத்தான் கம்பெனிக்காரன் இடிக்கப் போறானாமே சம்பந்தி, ஆடி முடியட்டும், நின்னுக்கினு இருந்தா பாக்கலாம், இல்லாட்டி எங்க திருவள்ளூர்ல மண்டபம் கீது, ஃபேன்லாம் போட்டு வெச்சிருக்கான்" என்றீர்கள். சபையே சிரித்தது. என் மச்சினன்கூடச் சிரித்தான், என் வீட்டில் பத்து வருஷம் உட்கார்ந்து சாப்பிட்டவன். நானும் கூடச் சேர்ந்து சிரித்தேன், ஆனால் அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. பெண்ணைப் பெற்றவன் மாப்பிள்ளை வீட்டாரிடம் கேட்டது ஒன்றே ஒன்று, அதையும் ஒரு பீப்பாய்க் கம்பெனிக்காரனிடம் தோற்றுவிட்டு ஃபேன் காற்றில் போய் உட்காருவதா என்று இருந்தது.

தாங்கள் அன்று மழையில் பஸ்ஸை விட்டு இறங்கி நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டதால் சத்திரத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. கல்கத்தா ரோட்டிலிருந்து ஏரிக்கரைக்குத் திரும்பும் இடத்தில், காசிக்கு நடந்து போகிறவர்கள் தங்கிப்போக யாரோ ஒரு செட்டியார் கட்டிவிட்ட கட்டடம் அது. உள்ளே கருங்கல் தூண், தூணுக்குத் தூண் ஒரு கிளி, ஒன்றிரண்டு கிளிக்கு மட்டும் மூக்கு இல்லை. வாசலில் மாடு தண்ணீர் குடிக்கக் கல்தொட்டி. எத்தனை வெயிலானாலும் உள்ளே போனால் சட்டையைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படுக்கத் தோன்றும். ஃபேன் தேவையில்லை என்பதைத் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன். இந்தச் சத்திரம், பின்னால் இருக்கும் ஏரி, ஏரித் தண்ணீரில் விளையும் எங்கள் நஞ்சை, எல்லாவற்றையும் வளைத்துப்போட்டுத் தகரப் பீப்பாய் செய்யும் கம்பெனி ஒன்று வரப்போகிறது, அதிலே சத்திரம் இருக்கிற இடம் லாரிகள் நிற்க என்று படம் போட்டிருக்கிறார்கள். காசிக்குப் போனவன் படுத்த இடத்தில் லாரி படுக்கப்போகிறதாம்.

உடனே சங்கம் ஆரம்பித்தோம். ரயில்வே கேங்கில் தண்டவாள வேலை பார்த்து ஓய்வு பெற்ற தானியேலைத் தலைவராகப் போட்டோம். நான் செயலாளர் பதவியை ஏற்றுக்கொண்டேன். தலைவர் பதவி கௌரவம், செயலாளர் பதவிதான் மூளை, இது தங்களுக்குத் தெரியாதது அல்ல. முதல் கூட்டத்திலேயே தானியேல் மகன் ஜெயராஜ் எழுந்து, "கம்பெனி வந்தா எங்களுக்கு வேலை கெடைக்கும், நீங்க ரெண்டு பேரும் பென்சன் வாங்கிக்கினு பேசறீங்க" என்றான். எனக்குச் சுருக்கென்றது. பையன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. நான் தொண்டையைச் செருமிக்கொண்டு பதில் தேடுவதற்குள் தானியேல், "கம்பெனி வேணாம்னு யார்ரா சொன்னது? ரோட்டுக்கு அந்தாண்ட முள்ளுக்காடு முழுக்க சும்மா கெடக்குது, அங்க வரட்டும், நீ போய் வேலை செய். நம்ம ஏரி மேலயும் சத்திரத்து மேலயும் ஏறிக்கினுதான் வரணுமா?" என்றார். அதைத்தான் நானும் சொல்ல இருந்தேன்.

முதல் காரியமாக மேலிடத்துக்கு ஒரு பெட்டிஷன் போட்டேன். இங்கிலீஷில், என் சொந்தக் கையால். அந்த மாதிரி இங்கிலீஷ் இப்போது யாரும் எழுதுவதில்லை. எங்கள் ஊரின் அருமை பெருமையெல்லாம் ஒன்று விடாமல் வர்ணித்திருந்தேன். கோடையிலும் வற்றாத ஏரி, வாசலிலேயே கல்கத்தா ரோடு, கூப்பிடு தூரத்தில் ரயில், கல்லுப்போல் உறுதியான மேட்டுநிலம், உழைப்புக்கு அஞ்சாத ஜனங்கள், இப்படிப்பட்ட இடத்தைக் கெடுக்கலாமா என்று கேட்டிருந்தேன். தபாலில் இங்கிலீஷிலேயே பதில் வந்தபோது ஊரே கூடிவிட்டது. நானே ஏறி நின்று வாசித்தேன். தண்ணீர் வசதி, ரோடு வசதி, ரயில் வசதி, கூலியாள் வசதி ஆகியவற்றை இவ்வளவு தெளிவாக எடுத்துரைத்ததற்கு மிகுந்த நன்றி, இதுவரை வேறு இரண்டு ஊர்களையும் யோசித்துக்கொண்டிருந்தோம், தங்கள் கடிதத்தைப் பார்த்தபின் சாலைநத்தமே தகுந்த இடம் என்று முடிவாகிவிட்டது என்று எழுதியிருந்தார்கள். நான் பாதியிலேயே தமிழில் மாற்றிச் சொல்லிச் சமாளித்தேன். ஆனால் அந்தப் பாழாய்ப்போன ஜெயராஜ் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவன்.

அதிலே நான் சோர்ந்துவிடவில்லை. பழைய கட்டடம் என்று பெரிய மனிதர் யாராவது சொல்லிவிட்டால் இடிக்கமாட்டார்கள் என்று கேள்விப்பட்டு, மெட்ராஸிலிருந்து பழங்கட்டடங்களைப் பற்றிப் படித்த ஒரு புரொபசரைப் பிடித்து, அவர் வருகிற தேதியையும் வாங்கிவிட்டேன். பெரிய மனிதர் வருகிறார் என்றால் நாம் சும்மா இருக்க முடியுமா? ஊர் முழுக்கச் சேர்ந்து சத்திரத்துக்குச் சுண்ணாம்பு அடித்தோம். பழவேற்காட்டுக் கிளிஞ்சல் சுண்ணாம்பு, பெண்பிள்ளைகளெல்லாம் புடவையை வரிந்து கட்டிக்கொண்டு ஒன்றுக்கு மூன்று பூச்சுப் பூசினார்கள். காவிப்பட்டை போட்டு, தூணிலிருந்த கிளிகளுக்குப் பச்சைப் பெயின்ட் அடித்து, மூக்கு இல்லாத கிளிகளுக்குச் சிமெண்டில் மூக்கும் வைத்தாயிற்று. புரொபசர் வந்தார், மாலை போட்டோம், சோடா கொடுத்தோம், சத்திரத்து நடு ஹாலில் நாற்காலி போட்டு உட்காரவைத்தோம். அவர் சோடாவைக் குடித்துவிட்டு, "எல்லாம் சரி, நீங்க சொன்ன அந்தப் பழைய சத்திரம் எங்கே இருக்கு?" என்று கேட்டார். சுண்ணாம்புக்கு அடியில் பழைய கல்வெட்டு ஒன்று இருந்ததே என்று நாங்களெல்லாம் சாயங்காலம் வரை சுவரைச் சுரண்டினோம். அவர் கடைசி பஸ்ஸைப் பிடித்துப் போய்விட்டார்.

பிறகு மறியல். கல்கத்தா ரோட்டில் குறுக்கே மூங்கிலைக் கட்டி, கொடி பிடித்து, தானியேல் தலைமையில் எல்லோரும் உட்கார்ந்தோம். ஆந்திராவிலிருந்து வருகிற லாரிக்காரன்களுக்கு எளாவூர் செக்போஸ்ட்டில் நின்று நின்று பழக்கம். ரோட்டில் மூங்கிலையும் காக்கிச் சட்டையையும் பார்த்தவுடன் இன்னொரு செக்போஸ்ட் வந்துவிட்டது என்று நினைத்து, வரிசையாக நிறுத்தி, கையில் காகிதத்தை எடுத்துக்கொண்டு இறங்கி வந்துவிட்டார்கள். தானியேலுக்குக் கேங்மேன் காக்கிச் சட்டை ஒன்றுதான் நல்ல சட்டை. "இது செக்போஸ்ட் இல்லப்பா, போராட்டம்" என்று அவர் சொல்லச் சொல்ல, "சார், எல்லாம் கரெக்ட்டா கீது, நீங்களே பாருங்க, பேஜார் பண்ணாதீங்க" என்று கெஞ்சுகிறான்கள். கடைசியில் அவர் என்ன செய்வார், ஒவ்வொரு காகிதமாக வாங்கித் திருப்பிப் பார்த்து, "சரி, போ" என்று மூங்கிலைத் தூக்கிவிட்டார். அன்றைக்குப் போல ஒழுங்காக அந்த ரோட்டில் போக்குவரத்து என்றைக்கும் நடந்ததில்லை. தாலூகா ஆபீசில் எங்களைப் பாராட்டினார்களாம்.

இதெல்லாம் நடந்துகொண்டிருக்கும்போதே சர்வேயர் வரதன் வந்து கல் நட ஆரம்பித்துவிட்டார். நல்ல மனிதர்தான், பொன்னேரிக்காரர், வெயிலில் வந்தால் நம் வீட்டில்தான் மோர் குடிப்பார். ஆனால் உத்தியோகம் அப்படி. ஏரிக்கரை ஓரமாக, வயல் மூலையில், சுடுகாட்டுப் பாதையில் என்று கம்பெனி நிலத்துக்கு எல்லை வைத்து, இடுப்பளவு கருங்கல்லாக நட்டுக்கொண்டே வந்தார். ஒவ்வொன்றிலும் நம்பர் கொத்தியிருந்தது. பதினான்காம் நம்பர் கல்லைச் சத்திரத்து வாசற்படிக்கு எதிரிலேயே நட்டுவிட்டார். அதைப் பார்த்துக்கொண்டு நான் கல்தொட்டி மேல் உட்கார்ந்திருந்தேன். என் மனது அன்று சரியாகவே இல்லை, ஒளிப்பானேன். அப்போதுதான் ஏரியில் மீன் பிடித்து விற்கும் பச்சையம்மா கூடையோடு வந்து, பாரம் தாங்காமல் கூடையை அந்தக் கல் மேல் இறக்கி வைக்கப்போனவள், சட்டென்று கையை இழுத்துக்கொண்டு, "இன்னா சாரு இது, புச்சா கல்லு நட்டுக்கீறாங்க, எந்த அம்மா?" என்றாள்.

அந்த ஒரு கேள்வியில் எனக்குக் கதவு திறந்துவிட்டது, சம்பந்தி. வயலோரத்தில் நிமிர்ந்து நிற்கிற கல்லுக்கு நம் ஜனங்கள் மஞ்சள் பூசுவார்களே ஒழிய அதன் மேல் வண்டி ஏற்றுவார்களா? அவர்கள் நட்ட கல்லை வைத்தே அவர்களைத் தடுத்துவிடலாம். யோசனை முழுக்க முழுக்க என்னுடையது, இதைச் சபையில் தாங்கள் சொல்லலாம். "எல்லையம்மன்" என்றேன். பச்சையம்மா கூடையைக் கீழே வைத்துவிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆடி முதல் ஞாயிறு கல்லுக்கெல்லாம் மஞ்சள் பூசி, குங்குமம் வைத்து, வேப்பிலை கட்டி, பதினான்காம் நம்பருக்குச் சிவப்புப் புடவை சுற்றிக் கூழ் ஊற்றினோம். செயற்குழுவில் தானியேல் வீட்டு ஞானம்மா மட்டும் ஓர் ஆட்சேபணை தெரிவித்தாள். "நாங்க கும்புட மாட்டோம், ஆனா கூழுக்கு வெங்காயம் அரிஞ்சி தர்றேன்" என்றாள், அதுவும் தீர்மானமாக நிறைவேறியது. பச்சையம்மாவுக்கு ஏற்கெனவே அப்போதைக்கப்போது சாமி வரும் பழக்கம் உண்டு. கம்பெனி ஆள்கள் வருகிற அன்று சாமி வந்து என்ன பேச வேண்டும் என்று நானே வசனம் தயார் செய்து, சத்திரத்துக்குப் பின்பக்கம் நிற்கவைத்து மூன்று நாள் பாடம் சொல்லிக்கொடுத்தேன். "என் எடத்த வுட்டு நான் போவ மாட்டேன், என் மேல கை வெச்சவன் ஊடு வெளங்காது." அவ்வளவுதான் வசனம். சின்னதாக இருந்தால்தான் நிற்கும். அவள் முதலில் "போவ மாட்டேன் சாரு" என்று சொல்லிக்கொண்டிருந்தாள், சாமி சாரு என்று சொல்லாது என்று திருத்தினேன்.

போன வாரம் புல்டோசர் வந்தது. கூடவே ஜீப்பில் நில எடுப்பு ஆபீசர், தொப்பி வைத்த கம்பெனி மேனேஜர், குடை பிடிக்க ஒரு ஆள். புல்டோசர் ஓட்டுகிறவன் நெல்லூர்ப் பக்கம். வண்டி உறுமிக்கொண்டு சத்திரத்துக்கு நேராக வந்து, பதினான்காம் நம்பர் கல்லுக்கு எதிரே வந்ததும் நின்றுவிட்டது. அவன் சிவப்புப் புடவையைப் பார்த்தான், வேப்பிலையைப் பார்த்தான், செருப்பைக் கழற்றிச் சீட்டிலேயே வைத்துவிட்டுக் கீழே குதித்தான். மேனேஜர், "ஏன்யா நிறுத்திட்ட, அது நம்ம சர்வே கல்லுதான்" என்று கத்துகிறார். அவன் இரண்டு கையையும் கூப்பிக்கொண்டு, "அம்மோரு நைனா, நான் ஏத்த மாட்டேன், எங்க ஊட்ல புள்ளைங்க கீறாங்க, டப்பு வாணாம், வண்டிய நீயே ஓட்டிக்கோ" என்கிறான். அந்தச் சமயம் பார்த்து நான் பச்சையம்மாவுக்குக் கண்ணைக் காட்டினேன். தலைமுடியை அவிழ்த்துப் போட்டுக்கொண்டு அவள் ஆடிய ஆட்டமும், என் வசனத்தை அவள் சொன்ன சொல்லும் இருக்கிறதே, எழுதிய எனக்கே மயிர்க்கூச்செறிந்தது. குடை பிடித்தவன் குடையைப் போட்டுவிட்டுக் கீழே விழுந்து கும்பிட்டான். மேனேஜர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். ஆபீசர் மட்டும் அசையவில்லை, ஆனால் ஜீப்பில் ஏறும்போது கல்லுக்கு முதுகு காட்டாமல் பின்பக்கமாகவே நடந்து போய் ஏறினார்.

இன்று காலை வரதன் உத்தரவோடு வந்தார். ஜனங்களின் மத உணர்ச்சியை முன்னிட்டு, சாலைநத்தம் ஏரியையும் சத்திரத்தையும் நஞ்சையையும் விட்டுவிட்டு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் முள்ளுக்காட்டில் பீப்பாய்க் கம்பெனியை வைத்துக்கொள்வது என்று மேலே எழுதியாகிவிட்டது. ஜெயராஜுக்கும் வேலை உண்டு. இனி பாக்கி இருப்பது ஒரு சின்னச் சடங்குதான், நாளைக்கு ஆளோடு வந்து சர்வே கல்லையெல்லாம் பிடுங்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு போனால் தீர்ந்தது. மூன்று தலைமுறை தாலி கட்டின இடம் நாலாவது தலைமுறைக்கும் நிற்கிறது. உத்தரவைப் படித்தபோது கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, தூசி என்று சொல்லிச் சமாளித்தேன்.

சங்கத்து வேலையில் நம் வீட்டுப் பெண்டுகள் காட்டிய ஈடுபாட்டையும் சொல்லியாக வேண்டும். இது நாள் வரை என் பெட்டிஷனை அடுப்புப் பற்றவைக்க எடுத்துக்கொண்டிருந்த கனகாம்பாள், இப்போது வெள்ளிக்கிழமை தவறாமல் கல்லுக்கெல்லாம் மஞ்சள் அரைத்துக்கொண்டு போகிறாள். தங்கள் மருமகள் செண்பகம் விடிந்ததும் குளித்துவிட்டுப் பதினான்காம் நம்பருக்கு விளக்கேற்றி, அதைச் சுற்றி வருகிறாள். போராட்டத்தில் அவ்வளவு பற்று. ஊர் ஜனங்கள் எல்லோரும் அந்தக் கல்லைத் தாண்டும்போது செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டுதான் போகிறார்கள். நான் மட்டும் செருப்போடு போகிறேன். எனக்குத் தெரியாதா, அது தாலூகா ஆபீசு கருங்கல். நான் பகுத்தறிவோடு வளர்ந்தவன் என்பது தங்களுக்குத் தெரியும்.

ஆகையால் சம்பந்தி அவர்களே, ஆடி முடிகிறது, சத்திரம் நிற்கிறது. தாங்கள் சபையில் சொன்ன வாக்கைக் காப்பாற்றுவீர்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆவணி முகூர்த்தத்துக்குப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கும்போது, இடம் சாலைநத்தம் சத்திரம் என்று கொட்டை எழுத்தில் போடச் சொல்லவும். கிளி ஒன்றும் போடலாம், மூக்கு இப்போது நன்றாக இருக்கிறது. திருவள்ளூர் மண்டபத்துக்காரரிடம் வேறு யாருக்காவது கொடுத்துக்கொள்ளச் சொல்லிவிடவும், பாவம், அவரும் பிழைக்க வேண்டும். பாசஞ்சர் வண்டியில் எளாவூரில் இறங்கினால் மாட்டுவண்டி தயாராக நிற்கும். வந்தவர்களுக்கு நாஷ்டாவுக்குப் பொங்கலும் வடையும் ஏற்பாடாகிவிட்டது. சம்பந்தியம்மாளுக்கு என் நமஸ்காரங்கள், மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம், நிச்சயதார்த்தத்தில் சிரித்த மற்ற எல்லோருக்கும் என் தனிப்பட்ட விசாரிப்பு. எல்லோரும் நூறு வயது சத்திரம்போல் அசையாமல் இருக்க வேண்டிக்கொள்ளும்,

தங்கள் அன்பு சம்பந்தி,
சா. அருணாச்சலம்,
செயலாளர்.

பி.கு.: மேற்படி கடிதத்தை நேற்றே எழுதி ஒட்டிவிட்டேன். இன்று சனிக்கிழமை காலை, சத்திரத்துச் சுவரில் மாட்டியிருக்கும் தபால் பெட்டியில் போட எடுத்துக்கொண்டு போனவன், போடாமல் திரும்பிவந்து, ஓரத்தைப் பிரித்து இதை எழுதுகிறேன்.

வரதன் சொன்னபடி கடப்பாரையோடு ஆள்களைக் கூட்டிக்கொண்டு வந்திருந்தார். அவருக்குப் போடுவதற்கு நான் மாலைகூட வாங்கிவைத்திருந்தேன். போய்ப் பார்த்தால் கல்லுக்குக் கல் பெண்பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்திருக்கிறார்கள். பதினான்காம் நம்பரைக் கட்டிப் பிடித்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருப்பது கனகாம்பாள். ஓர் ஆள் கடப்பாரையைத் தூக்கியதும் பச்சையம்மாவுக்குச் சாமி வந்துவிட்டது. "என் எடத்த வுட்டு நான் போவ மாட்டேன், என் மேல கை வெச்சவன் ஊடு வெளங்காது." ஒரு சொல் மாறவில்லை. நான் கிட்டே போய்க் காதோடு, "பச்சையம்மா, எல்லாம் நல்லபடியா முடிஞ்சிப்போச்சி, போதும் நிறுத்து" என்றேன். அவள் என்னை ஏற இறங்கப் பார்த்து, "யார்ரா நீ?" என்றாள். அது நான் எழுதிக்கொடுத்தது இல்லை.

கடப்பாரை ஆள்கள் கடப்பாரையைக் கல்லுக்கு எதிரே வைத்துக் கும்பிட்டுவிட்டு மர நிழலுக்குப் போய்விட்டார்கள். வரதன் என்னைத் தனியே கூப்பிட்டு, "சார், கல்லு அங்க நிக்கிற வரிக்கும் நெலம் கம்பெனிதுதான். ஆடிக்குள்ள கல்லு ஆபீசுக்கு வந்து சேரலன்னா, ஊர் ஜனங்களே எல்லைய காவல் காக்கிறாங்க, கம்பெனி வர்றதுல அவங்களுக்குப் பூரண சம்மதம்னுதான் நான் எழுதி அனுப்பணும், உத்தரவு ரத்தாயிடும். நான் இன்னா சார் பண்றது?" என்றார். நான் கனகாம்பாளிடம் மெதுவாக எடுத்துச் சொன்னேன், இது நானே கிளப்பிவிட்டது, இது வெறும் கல் என்றேன். "வெறும் கல்லா? அன்னிக்கு அந்த மிஷின நிறுத்தினது யாரு, நீங்களா?" என்று கேட்டாள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது, என்னால் ஆமாம் என்று சொல்ல முடியவில்லை. பிறகு செண்பகம் வந்தாள். மாப்பிள்ளை வீட்டார் மனம் கோணாமல் கல்யாணம் சத்திரத்திலேயே நடக்க வேண்டும், நைனா தலை குனியக்கூடாது என்று அவள் அந்தக் கல்லுக்கு மஞ்சள் கயிறு கட்டி வேண்டிக்கொண்டிருக்கிறாளாம். அதற்குத்தான் விளக்காம். "அத்தப் புடுங்கினா நான் மணையில ஒக்கார மாட்டேன் நைனா" என்று சொல்லிவிட்டு அம்மா பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள்.

கல் இருந்தால் சத்திரம் போய்விடும், கல்லை எடுத்தால் கல்யாணம் நின்றுவிடும். ஆடி முடிய இன்னும் சில நாள் இருக்கிறது, ஏதாவது யோசனை தோன்றும், எனக்குத் தோன்றாமல் இருந்ததில்லை. இருந்தாலும், பத்திரிகையில் இடம் என்ற இடத்தை மட்டும் தற்சமயம் காலியாக விட்டு அச்சடிக்கச் சொல்லவும். அந்த மண்டபத்துக்காரரிடம் இன்னும் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை என்றால், சொல்ல வேண்டாம். ஃபேன் எத்தனை என்று விசாரித்து வைக்கவும்.

வீட்டுக்குத் திரும்பி வந்து இதை எழுத உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன், என் காலில் செருப்பு இல்லை. பதினான்காம் நம்பருக்கு இந்தப் பக்கமாகவே விட்டுவிட்டு வந்திருக்கிறேன். எப்போது கழற்றினேன் என்று எனக்கே தெரியவில்லை.